நாலு பாயிண்ட்

மெக்சிகன் புல்லைப் பாய் போலச் சுருட்டிக் கொண்டுவந்து விரித்தார்கள்,
பல்லடம் ரோட்டு லே-அவுட்டில்
கடலைக்காடாக இருந்த முந்நூறு சதுர அடியில்.
பெரியவள் நிச்சயத்துக்கு இன்னும் பதினோரு நாள்.
திங்கட்கிழமை காலை அதில் ஓட்டை.

நான் பார்க்காத ஓட்டையா.
பத்தொன்பது வருசமாக விளக்கு மேசையில்
பின்னல் துணியை இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறேன்.
ஊசி உடைந்த ஓட்டை ஏணி போல ஓடும்.
முடிச்சு தெறித்தது உருண்டையாக நிற்கும்.
பூச்சி அரித்ததில் விளிம்பு பிசிறும்.
ஒரு அங்குலத்துக்கு மேல் போனால் நாலு பாயிண்ட்,
சிவப்பு அம்பு ஸ்டிக்கர், அடுத்த ரோல்.

ஸ்டிக்கர் கட்டு ஒன்று கைப்பையிலேயே கிடந்தது.
ஈர்க்குச்சியில் ஒட்டி
ஒவ்வொரு துளையருகிலும் குத்தி வைத்தேன்.
ஒன்பது.
"ஏம்புள்ள, சர்வேக் கல்லு நட்டாப்பல இருக்குது"
என்றார் தெய்வசிகாமணி, பல் விளக்கிக்கொண்டே.
அவருக்கு எல்லாமே பெருச்சாளி.
மாத்திரை போட்டு மூடிரலாம் என்கிறார்,
காற்றிலேயே விசமாகும் மாத்திரையை,
படுக்கையறைச் சன்னலுக்கு நாலடியில்.
"மொதல்ல உங்க வாய மூடுங்" என்றேன்.

சாயங்காலம் ஒன்பதையும் ஈரமண்ணால் அடைத்தேன்.
வாட்ச்மேன் பிஜய் சொன்ன வழி.
ஒடிசாவில் அவன் நெல்வயலிலும் இதுதானாம்:
அடை, தூங்கு, விடிந்ததும் எண்ணு.
விடிந்ததும் திறந்திருந்தது
மூன்றரை.

சாக்கடைத் தொட்டி ஓரம், உள்ளங்கை நுழையும் வாய்,
அரைக் கூடைப் புதுமண்,
அதில் விரற்கடை நீளப் புழுக்கை.
இது ஒன்றுதான் அவர் சொன்ன ஆள்.
கூண்டில் நெத்திலிக் கருவாடு கட்டினேன்.
ரவைக்கு ரெண்டு மணிக்குக் கூண்டு
பன்றி போல உறுமியது.
டி.வி.எஸ்ஸில் வைத்து நொய்யல் பாலம் தாண்டி
விட்டுவிட்டு வந்தார்.
அங்கே யார் வீட்டுப் புல் என்று கேட்டேன்.
குளிக்கப் போய்விட்டார்.

அடுத்த இரண்டைத் துளை என்றே சொல்ல முடியாது.
புல்லுக்கடியில் நரம்பு புடைத்தாற்போல
விரல் பருமனில் மண் எழும்பி ஓடியிருந்தது.
மிதித்தால் அமுங்கியது.
ஒரு பக்கெட் தண்ணீரில் சோப்புத்தூள் கலக்கி ஊற்றிவிட்டு
உட்கார்ந்தேன். மூணாவது நிமிசம்
முன்னங்கால் இரண்டும் மண்வெட்டியாக,
வெல்வெட்டு உடம்போடு மேலே வந்தது
பிள்ளைப்பூச்சி.
பின்னால் நாலு. பிறகு நான் எண்ணவில்லை,
மைனாக்கள் எண்ணின.
பழமொழியில் இதை மடியில்தான் கட்டிக்கொண்டார்கள்.
நான் சதுர அடிக் கணக்கில் விலை கொடுத்து
விரித்திருக்கிறேன்.
சுருட்டின புல்லின் வேரோடு வந்திருக்கும்.
நர்சரிக்காரனுக்கு டெபிட் நோட் அனுப்பலாம்,
வாங்குவானா தெரியாது.

அடைத்தது அடைத்தபடி கிடந்த ஐந்தும்
பந்தல்காரன் அளவெடுத்துக் குத்திய கடப்பாரைக் குழி.
அவனும் கடலைக்காட்டுக்காரன்தான், கூச்சமில்லாமல் சிரித்தான்.

அரை என்றேனே,
அது செம்பருத்திக்குக் கீழே.
புதுமண் இல்லை. புழுக்கை இல்லை. வாடையும் இல்லை.
அடைத்த மண்ணில் ஒரு ஓரம் மட்டும்
கைக்குட்டையால் துடைத்தாற்போல வழவழப்பு.
தோண்டத் தெரியாதது,
யாரோ தோண்டியதில் குடியிருப்பது.
"அதுக்கும் கூண்டு வெக்கட்டுமா?" என்றார்.
அதுக்குக் கூண்டு இல்லீங்.

நிச்சயத்தன்று ஒறம்பரையெல்லாம்
செருப்பைக் கழற்றிப் புல்லில் நின்று போட்டோ எடுத்தார்கள்.
எட்டு அம்புகளைப் பிடுங்கியாயிற்று.
பாஸும் இல்லை, ரிஜெக்ட்டும் இல்லை என்றால்
கம்பெனியில் அந்த ரோலைத் தனியே நிறுத்தி
ஹோல்டு என்று எழுதுவோம்.
"இதென்னுங் செவப்பா, அம்பாட்டம்?"
மாப்பிள்ளையின் அம்மா குனிந்தார்.
"செடிக்கு அளவு வெச்சிருக்கோமுங்" என்றேன்,
பட்டுச்சேலை தோளைத் தொட்டு
அவரை மெதுவாகப் பந்தல் பக்கம் திருப்பிக்கொண்டே.