பழுதின் காரணம்

கல்லட்டியில் வெளியூர் வண்டி இறங்கக் கூடாது.
இன்று மட்டும் நான்குக்கு அனுமதி.
தாளின் நகல் என் கிரேன் கண்ணாடியில்:
"பின்னால் மீட்பு வாகனம் வர வேண்டும்."
மீட்பு என்றால் நான்,
அறுபதைத் தொட்டறியாத லேலண்டு,
ஒரு கொக்கி, பதினெட்டு மீட்டர் சங்கிலி,
சங்கிலியைச் சுற்றிவைக்கத் தெரியாத பெள்ளிராஜ்.

தலைகுந்தாவில் டீ ஆறுவதற்குள் சண்டை.
எட்டு சிலிண்டரில் அமெரிக்காவை மிஞ்ச ஆளில்லை
என்கிறார் டாட்ஜ் சார்ஜரின் ரங்கவிட்டல்.
ஃபால்கனின் பெலியப்பா சிரிக்கிறார்:
"உங்களுக்கு நேர்ரோடு. ஆஸ்திரேலியாவில்
எங்களுக்கு ரோடே கிடையாது."
எங்களுக்கு என்றார். மடிக்கேரிக்காரர்.
திருப்பூர்க்காரரின் கேப்ரி
இங்கிலாந்தா ஜெர்மனியா என்பதே முடிவாகவில்லை.
ஸ்கைலைன் கொண்டுவந்த தாட்சாயணி மட்டும்
குனிந்து டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் வேகத்தில் சொல்லத் தெரியாது,
எடையில் சொல்வேன்.

இறங்கினோம்.
கேப்ரிக்கு மூக்கு முதலில் திரும்பிவிடும்,
ஆள் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்புவார்.
ஃபால்கன் இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டே,
பிடிக்காத வீட்டுக்கு விருந்துக்குப் போவது போல.
ஸ்கைலைன், கோபம் வந்த தையல் மிஷின்,
வளைவுக்கு முன்பே எல்லாக் கணக்கையும் முடித்துவிடுகிறது.
சார்ஜருக்கு ஸ்டியரிங் இடப்பக்கம்.
ரங்கவிட்டல் பள்ளத்தைப் பார்த்து ஓட்டுகிறார்,
எதிரே வரும் பால்வண்டியை
அவர் மனைவி பார்த்துச் சொல்கிறார்.

பதினைந்தாவது வளைவில் வாசனை வந்தது,
சூடான தோசைக்கல்லில் ரப்பர் செருப்பு.
இருபத்தி நான்கில்
பெடல் தரைக்குப் போய்விட்டது.
நல்லவேளை, மனிதர் மலைப்பக்கம் ஒடித்தார்.
செம்மண் மேட்டில் அரை பானெட் புதைந்து நின்றது
நானூறு குதிரை.

கொக்கியை மாட்டினேன்.
ஆயிரத்து எண்ணூறு கிலோ என்றது சங்கிலி.
என் நூற்றுப்பத்து அவர் நானூறை இழுத்தது.
நான் சொல்லிக்காட்டவில்லை.
பெள்ளிராஜ் சொல்லிக்காட்டினான்.

அடுத்த வளைவில் காட்டெருமை.
நடுரோட்டில், குறுக்காக,
முதுகில் ஒரு மேடு, கால்களில் வெள்ளைக் காலுறை,
எங்கும் போகிற அவசரம் இல்லாமல்.
ஒவ்வொருவராக எஞ்சினை அணைத்தார்கள்.
கடைசியாக நான்.

அப்போது கேட்டது,
சூடான இரும்பு ஆறுகிற சத்தம்.
எல்லா நாட்டு இரும்பும் ஒன்றுதான் என்று
யாராவது எழுதிவைப்பார்கள்.
ஒன்றல்ல.
ஸ்கைலைன் சடசடவென்று சொல்லி முடித்துவிட்டது.
கேப்ரி இரண்டு தரம் சொன்னது, மூன்றாவதை மறந்தது.
ஃபால்கனில் எங்கோ ஒரு தகடு லூஸ்.
சார்ஜர் சங்கிலியில் தொங்கியபடி
கடனைத் திருப்பித் தருகிறவன் நோட்டு எண்ணுவது போல
டிக்,
வெகுநேரம் கழித்து
டிக்.

காட்டெருமை காதை ஆட்டியது.
கேப்ரியின் நீள மூக்கில்
தன் விலாவை ஒருமுறை தேய்த்துக்கொண்டு
உண்ணிச்செடிக்குள் இறங்கிப் போனது.
திருப்பூர்க்காரர் கீறலைத் தடவிப் பார்த்தார்.
பெயிண்ட் அடிக்க மாட்டாராம்.

மசினகுடியில் ரசீது எழுதினேன்.
வண்டி எண், எடை, தூரம், தொகை.
நாட்டுக்குக் கட்டம் இல்லை.
"வி எய்ட் என்று எங்காவது போடுங்களேன்"
என்று கேட்டார் ரங்கவிட்டல், மெதுவாக,
மனைவிக்குக் கேட்காமல்.
ஓரத்தில் போட்டுக்கொடுத்தேன்.
பழுதின் காரணம் என்ற கட்டத்தில் மட்டும்
வழக்கம்போல
இறக்கம்.