கையெழுத்துக்கு முன்

அந்த அறையில் பெண்கள் இரண்டு பேர்.
ஒருவர் சட்டக் கணக்கில் வருபவர்.
இன்னொருத்தி நான், கம்பெனி செயலாளர்.
கோரம் எண்ணும்போது
விரல் என்னைத் தாண்டிப் போகும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட், இரண்டாவது மாடி.
கண்ணாடிக்கு வெளியே உலைப்புகை
பழவேற்காட்டுக் காற்றில் ஆந்திரா பக்கம் சாயும்.
எளாவூர் சோதனைச்சாவடியில்
அதை யாரும் நிறுத்துவதில்லை.

பெண் இயக்குநர் ஒருவராவது வேண்டும் என்று சட்டம் வந்த வருஷம்
முதலாளி வெங்கடரத்தினம் வெளியே எங்கும் தேடவில்லை.
சூளூர்பேட்டைக் கல்யாண வீட்டிலிருந்து நேராக
மனைவியை அழைத்து வந்தார்.
கனகதுர்கா. மெரூன் பட்டு.
கொசுவத்தில் ஒட்டிய இரண்டு மஞ்சள் அரிசி.
படிவத்தில் தொழில் என்ற கட்டத்துக்கு
"ஏதாவது எழுதும்மா" என்றார் முதலாளி.
வணிகம் என்று எழுதினேன்.

அவருக்காக அந்த மாடியில்
பெண்கள் கழிப்பறை ஒன்று கட்டினார்கள்.
அதுவரை நான் ஆறு வருஷம்
கேட் பக்கத்து செக்யூரிட்டி அறைக்குப் போய்வந்தேன்.

பதினாறு கூட்டங்கள்.
முந்திரி வரும், காபி வரும்,
என் விரல் காட்டும் இடத்தில்
அவர் கையெழுத்து வரும்.
விவாதிக்கப்பட்டது, ஏகமனதாக ஏற்கப்பட்டது
என்று நான் குறிப்பேட்டில் எழுதுவேன்.
விவாதம் பெரும்பாலும் கிரிக்கெட்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.
கூட்டம் முடிந்து நான் திரும்ப வாங்கும் காகிதங்களில்
அவருடைய கட்டில் மட்டும்
பென்சில் புள்ளிகள்,
கொள்முதல் கணக்கின் ஓரமாக
எறும்பு போனதுபோல.

பதினேழாவது கூட்டம், நாலாவது பொருள்.
வார்ப்பு மணல் ஒப்பந்தம், புதுப்பித்தல்.
பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.
"ஈ இசுக எவரிதி?"
தெலுங்கு தெரியாத வங்கிப் பிரதிநிதிகூட நிமிர்ந்தார்.
இந்த மணல் யாருடையது.
டன்னுக்கு முந்நூறு ரூபாய் கூடுதலாக நாங்கள் வாங்கும் மணல்
முதலாளியின் தம்பி சேஷய்யாவுடையது.
அறையில் எல்லாருக்கும் தெரியும்.
சேஷய்யா எதிரில்தான் இருந்தார்,
முந்திரி மெல்வதை நிறுத்தியிருந்தார்.

முதலாளி சிரித்தார்.
"வீட்டில பேசிக்கலாமே."
"வீட்டில கேட்டா மினிட்ஸ்ல வராதே."

சாயந்திரம் எனக்கு இரண்டு போன்.
ஓர் இயக்குநர் விளக்கம் கோரினார், அது போதுமே,
பேர் எதுக்கு.
பேரை எடுத்தேன்.
எட்டு ஐம்பது லோக்கலுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு
லிஃப்ட் வரைக்கும் போனேன்.
திரும்பி வந்து பேரைப் போட்டேன்.
அன்றைக்கு வீட்டுக்கு ஷேர் ஆட்டோ, பஸ், இன்னொரு பஸ்.

டெண்டர் விட்டார்கள்.
நாயுடுபேட்டைக்காரர் ஒருவர் மலிவாகக் கொடுத்தார்.
சேஷய்யா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு
கனகதுர்காவுக்குப் பத்திரிகை வரவில்லை.

மூன்றாம் வருஷம் லாபம் நாலு சதவீதம் கூடியது.
சென்னையிலிருந்து வந்த ஆலோசகர்
திரையில் ஒரு பெண் உருவம்,
அதிலிருந்து மேலே போகும் அம்பு போட்டு
இதனால்தான் அது என்றார்.
எனக்குத் தெரியாது.
அந்த வருஷம் பழைய இரும்பு விலையும் இறங்கியிருந்தது,
மழைத் தண்ணீர் உலைக்கூடத்துக்குள் வரவில்லை.
நான் பார்த்தது இவ்வளவுதான்:
காகிதங்களை ஏழு நாள் முன்னாலேயே கேட்கிறார்கள்.
வங்கிப் பிரதிநிதியின் கட்டிலும் புள்ளிகள், நீல மையில்.
கிரிக்கெட் குறைந்துவிட்டது.

நேற்றைய கூட்டத்தின் குறிப்பை இப்போதுதான் முடித்தேன்.
பொருள் ஒன்பது.
கோர் ஷாப்பில் நூற்று நாற்பது பெண்கள்,
தடா, ஆரம்பாக்கம், இன்னும் உள்ளே.
கழிப்பறை மூன்று. ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
நிதி ஒதுக்கீடு பரிசீலனையில் இருப்பதால்
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.
ஏகமனதாக.

கனகதுர்காவின் கையெழுத்து இருக்கிறது,
நான் விரல் காட்டிய இடத்தில்.