கால், கால், அரை

எண் 3041. பாகாவ் கிளினிக், இரண்டாம் அறை.
காகிதத் தட்டில் பேனாவால் கோடு கிழிக்கிறாள்
மிசி ரொஹானா:
சுக்கு, சுக்கு, செப்பாரோ.

எனக்கு முதலில் சுக்குதான் கேட்டது.
கஷாயம் போலிருக்கிறது என்று தலையாட்டினேன்.
அப்புறம்தான் விரலைப் பார்த்தேன்.
கால் தட்டு சோறு,
கால் தட்டு மீன்,
அரைத் தட்டு காய், கீரை.

கால் என்றதும்
கொழுந்தன் தவசியின் கால் வந்து நின்றது,
முட்டிக்குக் கீழே இல்லாத அது.
சிரம்பான் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள்.
தீபாவளிக்குச் செருப்பு வாங்கப் போனவன்
ஒன்றைப் போட்டுக்கொண்டு
இரண்டுக்கும் காசு கொடுத்துவிட்டு வந்தான்.

ஒன்பது புள்ளி நான்கு, என்கிறாள் மிசி.
எங்கள் டிவிஷனில் அது பெரிய எண் இல்லை.
லோரி ஓட்டும் வேலப்பனுக்குப் பதினொன்று,
குழந்தைக் கொட்டகை ஆயாவுக்குப் பத்தே முக்கால்.
நாலு நம்பர் எழுதினவர்கள் மாதிரி
எல்லாருக்கும் எல்லாருடையதும் மனப்பாடம்.
இனிப்பு நீர் என்று எவன் பெயர் வைத்தானோ,
கேட்டால் பலகாரக் கடை ஞாபகம் வருகிறது.

புரட்டாசி முழுக்க நான் சைவம் மிசி, என்றேன்.
என்ன சாப்பிட்டாய், என்றாள்.
சொல்லச் சொல்ல எனக்கே கூச்சம்.
விடிந்தால் மூன்று ரொட்டி சானாய்,
அடியில் கெட்டிப்பால் படிந்த தே.
மத்தியானம் மலைபோல் சோறு, மேலே சோயா ஆட்டுக்கறி.
சீனர் கடையில் உறைந்த பொட்டலம்,
எலும்பையும் மாவில் செய்து சொருகியிருப்பான்.
நாலு மணிக்குப் பொரித்த பீசாங்.
ஆட்டை விட்டேன். சீனியை விடவில்லை.
சாமி கணக்கில் சுத்தம்,
இரத்தம் வேறு கணக்கு வைத்திருக்கிறது.

பசார் மாலாமில் ஒரு கட்டுப் பாயாம் மூன்று வெள்ளி.
வதக்கினால் ஒரு கைப்பிடி.
வீட்டில் ஐந்து பேர்.
அரைத் தட்டை எதை வைத்து நிரப்ப?

கீரை இல்லாமலா?
என் பூட்ஸ் அடியில் கிடக்கிறது.
செம்பனை மூட்டில் வல்லாரை,
ஓடைக்கரையில் சுருண்டு நிமிரும் பாக்கு.
முதுகில் பதினாறு லிட்டர் பம்பைக் கட்டி
அதன் மேல்தான் அடிக்கிறேன், பன்னிரண்டு வருஷமாக.
நான் அடிப்பதற்கும் மருந்து என்றுதான் பேர்,
விடிகாலை விழுங்குவதற்கும் மருந்து என்றுதான் பேர்.
ஒன்று நீலம், ஒன்று வெள்ளை.
மண்டோர் புத்தகத்தில் கீரை என்ற சொல் கிடையாது.
எல்லாம் களை.

செவ்வாய்க்கிழமை,
ஓடையை ஒட்டிய கடைசி நிரையில் வால்வை மூடினேன்.
பிடியை மட்டும் ஆட்டிக்கொண்டு
நாற்பது மரம் நடந்தேன்.
இறக்காத பாரம் முதுகிலேயே குலுங்கியது.

ஏன் இங்கே மட்டும் பச்சை, என்றார் மண்டோர்
ஒரு வாரம் கழித்து.
குழாய் அடைப்பு.
அவர் என்னைப் பார்த்தார். ஓடையைப் பார்த்தார்.
அவருக்குப் பதின்மூன்று, எனக்குத் தெரியும்.
'அடைப்பு' என்று எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை கிள்ளப் போனேன்.
எனக்கு முன்னே யாரோ கிள்ளியிருந்தார்கள்.
காம்பில் நகத்தடம் இன்னும் ஈரம்.

மூன்று தண்ணீரில் அலசினேன்.
பக்கத்து நிரையிலிருந்து காற்று என்ன கொண்டுவந்ததோ,
நாலாவது தண்ணீரிலும் அலசினேன்.
மூக்கில் வைத்துப் பார்த்தேன்.
என் கைகளில் வருகிற வாசனையா, இலையில் வருவதா,
பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் யார் சொல்ல முடியும்.

தேங்காய் குறைத்து வதக்கி
தட்டில் பாதிக்குப் பரப்பினேன்.
கோடு கொஞ்சம் தாண்டியது.

தவசி கட்டையை ஊன்றி உள்ளே வந்தான்,
தட்டை எட்டிப் பார்த்தான்.
அரையெல்லாம் எனக்கு வேணாம் அண்ணி,
ஒரு கால் குடு, என்றான்.

கரண்டி என் கையில் நின்றது.
அவன்தான் முதலில் சிரித்தான்.