ஏழாம் லேன்

கிருஷ்ணகிரி டோல்கேட்டில் ஏழாம் லேன் எனது.
கூண்டுக்கு வெளியே நாளெல்லாம்
கார்களின் முகம்.
முகம் மட்டும்தான்.
தடுப்புக்கட்டை உயர்ந்ததும் முதுகுகள் எல்லாம்
திம்மராஜ் அண்ணனுக்குப் போய்விடும்,
அந்தப் பக்கம் விசிலோடு நிற்கிறவருக்கு.

அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போவதில்லை.

"புது ஸ்கார்பியோ என்னா அழகு பாத்தியா" என்பார்
டீ நேரத்தில், வடையைப் பிட்டபடி.
"பின்னாடி லைட்டு ரெண்டும் தேர்க்கால் நட்ட மாதிரி."
முன்னால் வந்து பாருங்கள் அண்ணா என்பேன்,
பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறது.

எப்போதிலிருந்து எல்லாக் கார்களுக்கும் கோபம் வந்தது?
நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஆல்டோக்கள்
கல்யாண மண்டபத்துக்கு வழி கேட்கிறவர்கள் போல
மெதுவாக வந்து நிற்கும்.
இப்போது கிரில் என்ற பெயரில்
கடை ஷட்டரையே மாட்டி அனுப்புகிறார்கள்.
புருவத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு,
அதுதான் கண் என்று நினைத்தால்
உண்மையான விளக்கு கீழே பம்பரில்.
கன்னத்தில் கண் வைத்த முகம்!
யார் வரைந்தார்கள், சரி என்று
யார் கையெழுத்துப் போட்டார்கள்?
நள்ளிரவு ஷிப்டில் அந்த வெளிச்சம் நேரே வரும்போது
அந்த ஆள் ஒரு தடவையாவது
இந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.

என் முழங்கைக்கும் ஒரு கருத்து உண்டு.
முன்பெல்லாம் கையை இறக்கித்தான் சில்லறை தருவேன்.
வருஷத்துக்கு ஒரு விரல்கடை
ஜன்னல்கள் ஏறிவிட்டன.
இப்போது நேராக நீட்டுகிறேன், சிலவற்றுக்கு மேலே.
ஓசூர் வரைக்கும் வழவழவென்று ரோடு,
எந்த மலையில் ஏற இவ்வளவு உயரம்?

நிறமும் போயிற்று.
வெள்ளை, வெள்ளை, சாம்பல், வெள்ளை.
மாங்கூழ் ஆலைக்குப் போகும் டெம்போக்கள் இல்லையென்றால்
மஞ்சள் என்ற ஒன்றை என் லேன் மறந்தேபோயிருக்கும்.

திங்கள்கிழமை விடியலில் மட்டும்
நீல நிறத்தில் ஒரு ஃபிகோ வரும்.
டாக்டரோ, வாத்தியாரோ, கேட்டதில்லை.
ஃபோர்டு கடையைக் கட்டுகிறது என்று செய்தி வந்த வாரம்
ஃபாஸ்டாக் படிக்காமல் நின்றபோது அவரே சொன்னார்:
"ஸ்டியரிங்கைத் திருப்பினா ரோடு கையில பேசும்மா.
இதை விட்டுட்டுப் போக எப்படி மனசு வந்துச்சு?"
பின்னால் ஏழெட்டு ஹாரன்.
ரசீதை நாலாக மடித்துச்
சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.
"முதுகு சுமார்தான்" என்றார் திம்மராஜ் அண்ணன்.
"டிக்கி, தீபாவளிக்கு முந்தின ராத்திரி
தச்சுக் கொடுத்த ஜாக்கெட் கணக்கா."

நான் வாங்கியதும் அதேதான்.
பழையபேட்டை சபியுல்லா பாய் ஷெட்டில்,
நாலாவது ஓனர், அடிமட்ட மாடல்,
கண்ணாடி இறக்கக் கைப்பிடி சுற்ற வேண்டும்.
"ஸ்பேர் தேடி அலையணும், திருப்பி விக்க முடியாது,
ஸ்விஃப்ட் இருக்கு, எடும்மா"
என்றார் விற்கிறவரே.
ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன்.
அணைப் பக்கம் போகிற வளைவில்
ரோடு கையில் பேசியது, உண்மைதான்.
என்ன சொன்னது என்று கேட்டால்
அதற்கு என்னிடம் வார்த்தை இல்லை.

முதல்நாள் ஏழாம் லேன் வழியாகவே வந்தேன்.
டேக் படிக்கவில்லை, சொல்லவே வேண்டாம்.
கைப்பிடியைச் சுற்றினேன், சுற்றினேன்,
பாதியில் மாட்டியது, மறுபடி சுற்றினேன்.
கூண்டில் புதுப்பெண் பவித்ரா
என் கை எங்கே என்று தேடி
இடுப்புவரை வெளியே தொங்கினாள்.
"இவ்ளோ தாழ்வா யாருக்கா கார் செய்யறாங்க?"
"இப்ப யாரும் செய்யறதில்ல."

கட்டை உயர்ந்தது.
உள் கண்ணாடியில் பார்த்தேன்:
விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு
திம்மராஜ் அண்ணன்
தலையைச் சாய்த்துச் சாய்த்து
இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.