பெயரெச்சம்

அடிவாரச் சாவடியில் எங்கள் தண்ணீர் பாட்டில்களை
எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
அந்நேரம் கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில்
படை வானொலி நிலையத்துக்குள் நுழைந்தது.
எனக்குச் செய்தி வந்தது இரண்டாவது வளைவில்.

விடுப்பில் இருக்கிறேன்.
நாளை ஏற்காட்டில் தங்கைக்கு நிச்சயதார்த்தம்.
மடியில் வெற்றிலைக் கட்டு, காலடியில் சாமந்திக் கூடை.
ஆனாலும் அந்த நாட்டின் மேசை என்னுடையது.

மேசை என்றுதான் சொல்வோம்.
நான்கு துறைமுகம், ஒரு தலைநகரம், இரண்டு கோடிப் பேர்,
பூட்டு விழாத ஓர் இழுப்பறை.

ஆறு மணிக்குள் மூன்று வரி வேண்டும் என்றார் இணைச் செயலர்.
கவனித்து வருகிறோம்.
கவலை கொள்கிறோம்.
எல்லாத் தரப்பும் நிதானம் காக்க வேண்டும்.
தூக்கத்தில் எழுப்பினாலும் எழுதிவிடுவேன்.
தகராறெல்லாம்
கவலைக்கு முன்னால் என்ன வரும் என்பதில்தான்.

'ஆழ்ந்த' என்று போட்டேன்.
கோப்பில் இருப்பது வேறு மொழி;
வளைவில் நான் யோசித்தது தமிழில்.
எங்கள் பக்கம் கவலை என்றால்
மாடு கட்டி நீர் இறைப்பது.
கிணறு எத்தனை ஆள் ஆழம் என்று கேட்டுத்தான்
கயிறு வாங்குவார்கள்.

ஐந்தாவது வளைவில் சிக்னல் போனது.
ஏழில் திரும்பியபோது
வணிகத் துறை 'ஆழ்ந்த'வை அடித்திருந்தது.
காரணம் துவரை.
மூன்று கப்பல் அங்கே சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறது.
ஒன்பதில் கடற்படை,
எரிபொருள் நிரப்ப அந்தக் கரையில்
வேறு இடம் கிடையாதாம்.
பத்தில் சட்டப் பிரிவு:
'கவிழ்ப்பு' என்று எழுதாதீர்கள்,
எழுதினால் உதவியை நிறுத்த வேண்டிவரும்.
நிதியமைச்சகம் ஒன்றும் எழுதவில்லை,
நாம் கொடுத்த கடனின் பாக்கித்தொகையை மட்டும்
ஓரத்தில் குறித்து அனுப்பியிருந்தது.
அமைச்சர் விமானத்தில்.

போன முறை இன்னொரு தேசத்துக்கு என்ன சொன்னோம்?
தேடினேன்.
'ஆழ்ந்த' என்றே சொல்லியிருக்கிறோம்.
அங்கே துவரை விளைவதில்லை.

பின் இருக்கையில் அர்த்தனாரி மாமா.
லீ பஜாரில் பருப்பு மண்டி.
அவருக்கு அடிவாரத்திலேயே தெரியும்,
கப்பல் ஏஜெண்ட் சொல்லிவிட்டான்.
'மூட்டைக்கு இருநூறு ஏத்து,
எவன் கேட்டாலும் சரக்கு இல்லைன்னு சொல்லு'
என்று போனில் மண்டிக்கு.
பிறகு என்னிடம்:
'என்னம்மா சொல்லப் போறீங்க, உங்காளுங்க?'

சொல்லக் கூடாது.
ஜன்னலுக்கு வெளியே
சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடியைப் பார்த்தேன்.
அவர் என் முகத்தைப் பார்த்தார்.
ஒரு வளைவு தாண்டியதும் மறுபடி மண்டிக்கு அடித்தார்:
'நூத்தம்பது கொறச்சுடு. கப்பல் வந்துரும்.'

அரசு ரகசியம் காப்பதாக
உறுதிமொழி எடுத்த முகம் அது.

பதின்மூன்றில் இறங்கிவந்த பேருந்து
ஓரம் ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டது.
ஏறும் வண்டிக்கு முன்னுரிமை என்று பலகை.
டிரைவர் மாதையன் அதற்கும் ஒரு ஹார்ன் அடித்தார்.
வா என்றும் அர்த்தமில்லை போ என்றும் இல்லை,
இந்தப் பக்கம் ஒருத்தன் இருக்கிறேன், அவ்வளவுதான்.
எங்கள் மூன்று வரியும் அப்படியே.

செலெஸ்தேவைப் பற்றி எந்தத் துறையும் கேட்கவில்லை.
அந்த வானொலியில் காலைச் செய்தி வாசிப்பவள்.
போன டிசம்பரில் முந்திரிப் பொட்டலம் ஒன்று கொடுத்தாள்,
அன்பளிப்புப் பதிவேட்டில் எழுதிவைத்தேன்:
முந்திரி, அரைக்கிலோ, மதிப்பு தெரியவில்லை.

ஒண்டிக்கடை ரவுண்டானாவில்
ஆறு பத்துக்கு அறிக்கை வெளியானது.
வெறும் கவலை.
'நல்லா இருந்தது' என்றார் இணைச் செயலர்.
மாமா டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆழ்ந்த
என்பது பெயரெச்சம்.
பின்னால் ஒரு பெயர் வந்தால்தான் முடியும்.
எட்டாம் வகுப்பில் சேலத்தில் படித்தது.

நாளை இருநூறு பேருக்குச் சாம்பார்.
பருப்பு மாமா கடையிலிருந்து, பழைய விலைக்கு.
செலெஸ்தேவுக்கு அனுப்பிய செய்தியில்
இன்னும் ஒரே ஒரு டிக்.
மலையில் சிக்னல் சரியில்லை என்று
சாமந்திக் கூடையை இறக்கி வைத்துவிட்டு
திரும்பத் திரும்ப
போனை அணைத்துப் போடுகிறேன்.