மிச்சம் ஒன்பது வாரம்

இங்கிலாந்திலிருந்து ஒரு பழுப்பு உறை.
பதினாறு வாரத்துக்குள்
நான் உயிரோடு இருந்தாக வேண்டுமாம்,
கறுப்பு மையில், பெரிய எழுத்தில்.
இல்லாவிட்டால் ஓய்வூதியம் நிற்கும்.
உறை இந்த மலைக்கு ஏறி வரவே
ஏழு வாரம் ஆகிவிட்டது.

சாட்சிக் கையெழுத்துக்கு
டாக்டர், வக்கீல், வங்கி மேலாளர், பாதிரியார்,
யாராவது ஒருவர் போதும் என்கிறது படிவம்.
இந்த பல்கேரிய ஊரில்
முப்பத்தொரு புகைபோக்கிதான் புகைகிறது.
டாக்டர் செவ்வாய்க்கிழமை வருவார், வந்தால்.
பாதிரியார் சாவுக்கு மட்டும்.
வங்கி என்பது
மளிகைக்கடைச் சுவரில் பதித்த ஒரு மெஷின்,
பனி விழுந்தால் அதுவும் வாய் திறக்காது.

மேயர் யொர்தான்கா இருக்கிறார்.
வியாழன், பத்திலிருந்து பன்னிரண்டு.

வியாழனன்று பார்த்து விறகு வந்தது.
எட்டு கன மீட்டர் ஓக்,
ஆகஸ்டிலேயே சொல்லிவைத்தது.
கேட்டுக்கு வெளியே கொட்டிவிட்டு
மிட்கோ பணத்துக்குக் கை நீட்டினான்.
கண்ணால் அளந்தேன், ஏழு தேறினால் அதிகம்.
"ந்யாமா" என்றேன். இல்லை என்று பொருள்.
"இமா" என்றான். இருக்கிறது என்று பொருள்.
இந்த இரண்டு சொல்லை வைத்தே
பதினோரு வருடம் ஓட்டிவிட்டேன் நான்.
ரொட்டி இமா. தண்ணீர் ந்யாமா.
காது மெஷினுக்கு பேட்டரி ந்யாமா.
கணவர்?
அதற்கும் அதே சொல்தான்.

பக்கத்து வீட்டு பென்கா
கையில் முட்டைக் கூடையோடு வந்து நின்று
விறகுக் குவியலைப் பார்த்து
ஒரே ஒரு முறை உச்சுக்கொட்டினாள்.
மிட்கோ மறுபடி லாரியில் ஏறி
மூலையில் ஒதுக்கியிருந்ததையும் தள்ளிவிட்டுப் போனான்.
கிரிம்ஸ்பி பள்ளிச் சமையலறையில்
உருளைக்கிழங்கு மூட்டை தூக்கிய முதுகு இது.
முதல் வரிசை அடுக்குவதற்குள்
மணி பன்னிரண்டே கால்.

அடுத்த வியாழன்.
மேயர் அலுவலகம் போகும் வழியெல்லாம்
கேட்டில், மின்கம்பத்தில், பஸ் கொட்டகையில்
இறந்தவர்களின் தாள்கள்.
முகம், பெயர், வயது.
நாற்பதாம் நாள், ஆறு மாதம், ஓராண்டு என்று
மறுபடி மறுபடி ஒட்டுகிறார்கள்.
செத்தவர்களுக்கு இங்கே
அத்தாட்சித் தட்டுப்பாடே கிடையாது.
எங்கள் கேட்டில் க்ளைவ்.
மழையில் மீசை பாதி கரைந்திருக்கிறது.
இந்த ஊர் எழுத்தில்
நான் தடுக்காமல் படிக்கும் ஒரே வார்த்தை
அவர் பெயர்.

யொர்தான்கா மூக்குக்கண்ணாடியை மாட்டினார்.
படிவத்தைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார்,
அதிலிருப்பவள் என்னைவிட நம்பும்படி இருந்தாள்.
"ஜிவா?" என்று கேட்டார்.
உயிரோடுதானே இருக்கிறாய் என்று அர்த்தம்.
தலையாட்டினேன், மேலும் கீழும்.
இங்கே அப்படி ஆட்டினால் இல்லை.
தெரியும்தான்.
நான் குடியேறி இத்தனை வருடமாயிற்று,
கழுத்து மட்டும் இன்னும் கிரிம்ஸ்பியிலேயே இருக்கிறது.

அவர் பேனாவை மூடி வைத்தார்.
எனக்குப் பின்னால் வரிவிதிப்புக்கு நின்றவர்
தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.
பிறகுதான் இருவரும் சிரித்தார்கள்.
நான் அவசரமாக
இடமும் வலமும், இடமும் வலமும்,
ஈ விரட்டும் மாடு மாதிரி ஆட்டினேன்.
முத்திரை விழுந்தது,
ஊதா வட்டம், பாதி படிவத்தில்,
பாதி மேசையில்.

கட்டணம்?
"ந்யாமா."

தபால் நிலையம் பூட்டு.
திங்கள்தான் திறக்கும் என்று பென்கா
விரல் விட்டு எண்ணிக் காட்டினாள்.
அதுவரை படிவம் ரொட்டி டப்பாவில்,
எலிக்கு எட்டாமல்.
கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது:
மேற்கண்ட நிலையில் மாற்றம் ஏதும் ஏற்பட்டால்
உடனடியாகத் தெரிவிக்கவும்.

ஆகட்டும்.
விறகு இன்னும் நாலு வரிசை பாக்கி,
ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது.