குரல் வரவில்லை

என் பேரு அழகியநம்பி.
பேர்லதான் நம்பிக்கை என்பான் மாசானமுத்து,
ஏணியைப் பிடித்துக்கொண்டு.
வாஸ்தவந்தான்.
இருபத்தாறு வருஷம் கம்பி மேலே பிழைப்பு.
மூணு பேரைக் கீழே இறக்கியிருக்கேன்.
ஒருத்தரோட கைக்கடிகாரம்
அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரி சுடலைக்குக் கொடை வரி எழுதுவாள்.
குறுங்குடிக் கோபுரத்தைக் கடந்தால்
பைக்கிலேயே கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.
நான் ஹாண்டிலைப் பிடித்திருப்பேன்.
யாரிடமும் கேட்க எனக்கு ஒண்ணும் இருந்ததில்லை.

களக்காடு சப்ஸ்டேஷனில் தயாவதி.
முகம் பார்த்ததில்லை. பதினோரு வருஷமாகக் குரல்தான்.
பீடர் பேரை ஒரு தடவை,
கம்பத்து எண்ணை ரெண்டு தடவை சொல்வாள்.
திருப்பிச் சொல்லச் சொல்வாள்.
வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையன் மாதிரி சொல்வேன்.
"ஆஃப் பண்ணியாச்சு. ஏறுங்க."
செயினை வீசிவிட்டுத்தான் ஏறுவேன்.
ஒருநாள் அதையும் கேட்டாள்:
"செயின் போட்டாச்சா?"
போட்டேன்மா, உங்களை நம்பாம இல்ல என்று இழுத்தேன்.
"என்னை நம்புங்க. நம்பிட்டுப் போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை டியூட்டி விழுந்தால்
அந்தக் குரலில் ஒரு சடவு இருக்கும்.
கோயில் மணி அடிக்கிறபோது
சுவிட்ச் முன்னால் உட்கார்ந்திருக்கிற சடவு.
அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆனி மாசம். கணவாய்க் காற்று
மாவடி வாழையை வரிசையாகச் சாய்த்த ராத்திரி.
ஒரு மரம் குலையோடு லைன் மேல் கிடந்தது.
எல்.சி. வாங்கி ஏறினேன்.
மாசானத்துக்கு அன்றைக்குக் காய்ச்சல், நான் மட்டுந்தான்.
மேலே நின்று கம்பியை இழுக்கும்போது
சட்டைப்பையிலிருந்து நழுவிய போன்
கால்வாய்த் தண்ணியில் 'டொப்'பென்றது.

அந்தப் பீடரில் நாலு ஊர்.
ஏர்வாடியில் ஒரு கல்யாண வீடு,
ஐந்நூறு பேருக்குப் பிரியாணி, ஜெனரேட்டர் மக்கர்.
மாப்பிள்ளையின் சாச்சா போனில் கத்தினாராம்.
பெரிய இடத்திலிருந்தும் பேசினார்களாம்,
பெயரும் பதவியும் சொல்லி.
"வேலை எப்பமோ முடிஞ்சிருக்கும்மா, லைன்மேன்
எங்கயாவது தூங்கியிருப்பான், போட்டு விடு" என்று
எங்கள் ஆபீஸிலிருந்தே ஒருத்தர்.

எனக்கு இது ஒண்ணும் தெரியாது.
கால் மரத்துக் கிடந்தது.
அவள் போடமாட்டாள் என்றும் நினைக்கவில்லை,
போட்டுவிடுவாள் என்றும் நினைக்கவில்லை.
கத்தியை வாழைத்தண்டில் இறக்கிக்கொண்டிருந்தேன்.
நம்பிக்கை என்றால் இதுதானோ என்னவோ,
நினைப்பே இல்லாமல் வேலை ஓடுவது.

இறங்கியபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது.
வாழைக்காவல் பலவேசத்தை எழுப்பினேன்.
சிக்னலுக்காக அவன் போனோடு
கால்வாய்க் கரையில் அரை மைல் நடந்தோம்.

"அழகியநம்பி. மாவடி பீடர். எழுபத்திநாலு.
இறங்கிட்டேன். செயினை எடுத்துட்டேன்."
மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு, "திருப்பிச் சொல்லுங்க" என்றாள்.
சொன்னேன்.
தூரத்தில் ஏர்வாடி பொத்தென்று வெளுத்தது.

மறுமாசம் வேறு வேலையாய் அங்கே போனேன்.
அவளுக்கு அன்றைக்கு லீவு.
லாக் புத்தகத்தைப் புரட்டினேன்:
9.40 குரல் வரவில்லை.
10.15 குரல் வரவில்லை.
10.50, 11.30 அதேதான்.
நீல மை, குண்டு எழுத்து.
நடுவில் ஒரு வரி அடித்திருந்தது.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்:
கர்த்தாவே.
அதை ஏன் அடித்தாள்?
ஆபீஸ் புத்தகம் என்றா?

இப்போது அவள் அம்பாசமுத்திரத்தில்.
இங்கே புதுப் பையன். எண்ணை ஒரு தடவைதான் சொல்கிறான்.
நானே ரெண்டாவது தடவை சொல்கிறேன்.
அவனையும் சொல்ல வைக்கிறேன்.
சலித்துக்கொள்கிறான். சலிக்கட்டும்.

போன வாரம் குறுங்குடி வழியாக வந்தோம்.
வீட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.
பைக்கை ஓரங்கட்டி நிறுத்தினேன்.
என்ன, பஞ்சரா என்றாள்.
இல்ல என்றேன்.
பேரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன்.
இறங்கிட்டேன் என்றேன், மெதுவா, இருட்டைப் பார்த்து.
ரெண்டு தடவை.